தவணை பேசிப் பேசியே ராஜ்ஜியம் போச்சு: வாலாஜா நவாபின் கடன் கதை

சி.எஸ்.கே மேட்ச் பார்க்க சேப்பாக்கம் போனவங்களுக்கு வாலாஜா சாலை தெரியும். ராணிப்பேட்டை பக்கம் வாலாஜாபேட்டை இருக்கு. காஞ்சிபுரம் பக்கம் வாலாஜாபாத் இருக்கு. எல்லாம் ஒரே ஆளோட பேர்தான். ஆற்காடு நவாப் முகமது அலி கான் வாலாஜா. ஸ்டேடியம் இருக்கிற இடமே ஒரு காலத்துல அவரோட அரண்மனை வளாகம்தான்.

1749-லிருந்து 1795 வரை 46 வருஷம் நவாபாக இருந்தார். அந்த 46 வருஷத்தில் அவர் போட்ட போர்களைவிட, கடன் கொடுத்தவர்களோடு தவணை பேசிய நாள்கள்தான் அதிகமா இருக்கும். ஒரு லோன் ஆப்ல வாங்கினதை அடைக்க இன்னொரு ஆப்ல வாங்கி, ராத்திரி தூக்கம் வராம கால்குலேட்டரைத் தட்டிக்கிட்டு இருக்கிற யாருக்கும் இவர் கதை சட்டுனு புரியும். என்ன, இவருக்கு ஸ்கோர் பார்த்து லோன் கொடுக்கல. ஊர் ஊரா விளையுற நெல்லைப் பார்த்துக் கொடுத்தாங்க.

கதை ஆரம்பிக்கிற இடம் கடலூர்.

முதல் தவணை தவறிய இடம்

சில்வர் பீச் இருக்கிற தேவனாம்பட்டினத்தில், கெடிலம் ஆற்றை ஒட்டி செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. 1690-ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி இதை மராட்டியர்களிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை உள்ள ஊர்களும் சேர்த்துத்தான் விற்பனை. குண்டு உப்பலவாடி என்ற பேர் இன்னிக்கும் அந்த டீலை ஞாபகப்படுத்துது. 1746 செப்டம்பரில் சென்னையை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொள்ள, இந்தக் கரையில் கம்பெனியின் தலைமையிடமே கடலூருக்கு வந்துவிட்டது.

அதே வருஷம் டிசம்பரில் பிரெஞ்சுப் படை கடலூரையும் தாக்க வந்தது. அப்போது ஆங்கிலேயருக்கு உதவியாக ஒரு குதிரைப்படை வந்து சேர்ந்தது. அதை நடத்தி வந்தவர்கள் நவாப் அன்வருதீனின் மகன்கள் இருவர். அதில் ஒருவர்தான் நம்ம முகமது அலி, வயசு 29. பிரெஞ்சுப் படை பின்வாங்கியது. அன்னிக்கு உதவி கேட்டு நின்றது கம்பெனி, கொடுத்தது இவர்.

மூணே வருஷத்தில் நிலைமை தலைகீழ். 1749 ஆகஸ்ட் 3-ம் தேதி ஆம்பூர் போரில் அப்பா கொல்லப்பட்டார். சந்தா சாகிபுக்கும் அவருக்குத் துணையாக நின்ற பிரெஞ்சுக்காரர்களுக்கும் தப்பி முகமது அலி திருச்சிக்கு ஓடினார். ஆற்காட்டுப் பதவிக்கு உரிமை இருக்கு, கஜானாவில் காசு இல்லை.

1750-ல் கடலூர் கோட்டையிலிருந்து கம்பெனி அவருக்குப் படை அனுப்பியது. படைக்கு ஆகிற மாதச் செலவை அவர் கொடுக்கணும் என்பது ஒப்பந்தம். பண்ருட்டிக்குப் பக்கத்தில் உள்ள திருவதிகையில் பிரெஞ்சுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இவர் படையும் அங்கே பக்கத்தில் முகாம் போட்டது. இரண்டாவது மாதப் பணம் கேட்டபோது இவர் சாக்குச் சொன்னார். அப்போது கோட்டைப் பொறுப்பில் இருந்த மேஜர் லாரன்ஸ், படையைத் திரும்ப வரச் சொல்லிவிட்டார். ஆங்கிலப் படை போன கொஞ்ச நாளிலேயே பிரெஞ்சுக்காரர்கள் முகாமில் பாய்ந்தார்கள். பெரிய சேனை சிதறியது. விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு முகமது அலி ஆற்காட்டுக்குத் தப்பினார்.

ஒரு தவணை தவறினதுக்கு ஒரு சேனையே போச்சு. அதுக்கப்புறம் வாழ்நாள் முழுக்க அவர் எடுத்த முடிவுகளைப் பார்த்தா, இந்த திருவதிகை பயம் அவரை விடவே இல்லைன்னுதான் எனக்குத் தோணுது. கம்பெனிக்கு மட்டும் பாக்கி வைக்கக் கூடாது. அதுக்காக வேற யார்கிட்ட வேணும்னாலும் கை நீட்டலாம்.

மேனேஜரே வட்டிக்கு விட்டால்?

1751-ல் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார். அடுத்த வருஷம் சந்தா சாகிப் கொல்லப்பட்டார். 1761-ல் பாண்டிச்சேரியும் விழுந்தது. முகமது அலி ஜெயித்துவிட்டார். உடனே பில் வந்தது. போர்ச் செலவு, படைச் செலவு, பாண்டிச்சேரி முற்றுகைச் செலவு எல்லாத்தையும் கம்பெனி அவர் கணக்கில் எழுதியது. செங்கல்பட்டுச் சீமையை ஜாகீராக எழுதிக்கொடுத்தும் பாக்கி தீரவில்லை.

கம்பெனி கேட்கும் பணத்துக்கு அவர் யாரிடம் கடன் வாங்கினார் தெரியுமா? அதே கம்பெனியின் அதிகாரிகளிடம், அவங்க சொந்தப் பணத்தை. காலையில் கவுன்சிலில் உட்கார்ந்து நவாப் பாக்கியைக் கட்டணும் என்று கையெழுத்துப் போடுகிறவர், சாயங்காலம் அந்தப் பாக்கிக்காகத் தன் பணத்தை வட்டிக்கு விடுவார். பேங்க் மேனேஜரே உங்களுக்கு இ.எம்.ஐ நோட்டீஸ் அனுப்பிட்டு, அதைக் கட்ட தன் பாக்கெட்டில் இருந்து வட்டிக்குக் கொடுத்தா எப்படி இருக்கும்? அவர் ஏன் உங்க இ.எம்.ஐயைக் குறைக்கப் போறார்?

வட்டி ஆரம்பத்தில் வருஷத்துக்கு 36 சதவிகிதம் வரை போனது. அப்புறம் 25, 20 என்று இறங்கியது. ஈடு என்னன்னா, வரி. ஒரு தாலுகாவின் வரி வருமானத்தை அப்படியே கடன் கொடுத்தவர் பேருக்கு எழுதிக்கொடுப்பார் நவாப். கடன் கொடுத்தவருடைய ஆட்கள் நேராக அந்த ஊருக்குப் போய் வசூலிப்பார்கள். உள்ளூர் அமில்தாருக்கு நெருக்கடி வந்தா அவர் சவுகாரிடம் கடன் வாங்குவார். சவுகார் வட்டியும் சேர்ந்து கடைசியில் களத்தில் நெல் அளக்கிற விவசாயி தலையில்தான் விழும். வட்டி எவ்வளவு, யார் வாங்கினது எதுவுமே அவருக்குத் தெரியாது.

1767-ல் முதல் பெரிய சீரமைப்பு. சிதறிக் கிடந்த கடன்களையெல்லாம் ஒண்ணாக்கி, வட்டியை 10 சதவிகிதமாக்கினார்கள். இன்னிக்கு நமக்கு வருகிற 'எல்லா லோனையும் ஒரே லோனாக்குங்க' மெசேஜோட தாத்தா இது. வட்டி விகிதம் குறைந்தது உண்மை. ஆனால் அசல் என்று எழுதின தொகையில் எவ்வளவு நிஜமாகக் கைக்கு வந்தது, எவ்வளவு வட்டி மேல் ஏறின வட்டி என்பதுக்குச் சரியான கணக்கே இல்லை என்று பின்னாளில் லண்டன் பார்லிமென்டில் எட்மண்ட் பர்க் சாடினார். அடுத்த வருஷம், 1768-ல், சேப்பாக்கம் அரண்மனை எழுந்தது. கட்டிக்கொடுத்தவர் பால் பென்ஃபீல்டு என்று சொல்வார்கள். இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க.

கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம்

சிதம்பரம் வரை நவாப் சீமை. கொள்ளிடம் தாண்டினால் தஞ்சாவூர் ராஜ்ஜியம், காவிரி நெல். தவணை கட்ட வருமானம் பத்தாதபோது கண் அங்கே போனது. 1773-ல் கம்பெனி படையின் உதவியோடு தஞ்சாவூரைப் பிடித்து, ராஜா துளஜாஜியைச் சிறை வைத்தார் நவாப். உடனே தஞ்சாவூர் விளைச்சலும் கடன் கொடுத்தவர்களுக்கு ஈடாகப் போனது.

1775 கடைசியில் கவர்னராக வந்த பிகோ பிரபு, லண்டன் உத்தரவுப்படி 1776 ஏப்ரலில் ராஜாவைத் திரும்பப் பதவியில் உட்காரவைத்தார். அப்போதுதான் பென்ஃபீல்டு ஒரு கணக்கை நீட்டினார். தஞ்சாவூர் வருமானத்தின் மேல் தனக்கு 2,30,000 பவுண்டுக்கு மேல் வரணும்! அவர் கம்பெனியில் வாங்கின சம்பளம் வருஷத்துக்குச் சில நூறு பவுண்டு. கவர்னர் ஒத்துக்கொள்ளவில்லை. கவுன்சில் பெரும்பான்மை பென்ஃபீல்டு பக்கம் சாய்ந்தது. 1776 ஆகஸ்ட் 24-ம் தேதி கவர்னரையே கைது செய்தார்கள். 1777 மே மாதம் காவலிலேயே பிகோ செத்துப்போனார். கடன் வசூலுக்காக கவர்னரையே உள்ளே வெச்ச ஊர் சென்னை!

அந்த 1777-ல் இன்னும் இரண்டு கடன்கள். குதிரைப்படையைக் கலைக்க, பாக்கிச் சம்பளம் தருவதற்காக ஒரு கடன். மூணு ஆங்கிலேயர்கள் பொறுப்பேற்றார்கள். வரி உரிமை அவங்க கைக்கு உடனே போனது, வீரர்கள் கைக்குப் பணம் போகத்தான் இழுத்தடிச்சாங்க என்பது பர்க்கின் குற்றச்சாட்டு. இன்னொன்று இரண்டாவது சீரமைப்பு. பர்க் சொன்ன கணக்கில் 24 லட்சம் பவுண்டு, வட்டி 12 சதவிகிதம்.

நவாபை ஒண்ணும் தெரியாத அப்பாவின்னு நினைச்சுடாதீங்க. இங்கே கம்பெனி ஒத்துவராதபோது லண்டனுக்கே ஆள் அனுப்பினார். மூன்றாம் ஜார்ஜ் மன்னரோடு நேரடித் தொடர்பு வைத்தார். மன்னரின் தூதராக 1770-ல் சர் ஜான் லிண்ட்சே சென்னைக்கே வந்தார். கடன் கொடுத்தவர்களுக்குத் தங்கள் பணம் திரும்ப வரணும்னா இவர் பதவியில் இருக்கணும். அதனால் லண்டனில் இவருக்காக வாதாடியவர்களும் அவர்களேதான். கடனையே கவசமாகப் போட்டுக்கொண்டார். அந்தக் கவசத்தின் எடைதான் கடைசியில் அவரால தாங்க முடியல.

விளைச்சல் இல்லாத வருஷங்களிலும் வட்டி

1780-ல் ஹைதர் அலி கர்நாடகச் சீமைக்குள் இறங்கினார். ஊர்கள் எரிந்தன. சிதம்பரம் கோயிலே கோட்டையானது. 1781 ஜூனில் அங்கே இருந்த ஹைதர் படையைத் தாக்கிய சர் அயர் கூட் தோற்றுத் திரும்பினார். ரெண்டே வாரத்தில், ஜூலை 1-ம் தேதி, பரங்கிப்பேட்டையில் ஹைதரை வென்றார். 1782 ஏப்ரலில் கடலூரை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1783 ஜூனில் ஆங்கிலப் படை கடலூரை முற்றுகையிட்டது. நிறைய உயிர் போன பிறகு, ஐரோப்பாவில் ஏற்கெனவே சமாதானம் ஆகிவிட்ட செய்தி வந்து சண்டை நின்றது.

விதைக்க ஆள் இல்லாத அந்த வருஷங்களிலும் வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. 2020 கொரோனா சமயத்துல மொரட்டோரியம் போட்டு, தவணையை நிறுத்தி வெச்சதும் வட்டி ஏறினது ஞாபகம் இருக்கா? வட்டிக்கு வட்டி போடக் கூடாதுன்னு நமக்குச் சொல்ல 2021-ல் ஒரு சுப்ரீம் கோர்ட் இருந்தது. கடலூர், சிதம்பரம் விவசாயிக்கு அப்போ யாரும் இல்லை.

1781 டிசம்பரில் நவாப் தன் சீமை வருமானம் முழுக்க 5 வருஷத்துக்குக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். ஆறில் ஒரு பங்கு மட்டும் அவர் செலவுக்கு. கையெழுத்து காய்வதற்குள் அதைத் திரும்பக் கேட்க ஆரம்பித்தார். கவர்னர் மெக்கார்ட்னியோடு தினம் சண்டை. 1785-ல் திரும்பக் கிடைத்தது, ஆனால் சும்மா இல்லை. பழைய மூணு கடன்களையும் லண்டன் கட்டுப்பாட்டு வாரியம் சரியாக விசாரிக்காமலே ஏற்றுக்கொண்டு, வருஷத்துக்கு 12 லட்சம் பகோடா கட்டணும் என்று தீர்மானித்திருந்தது. அதாவது 4,80,000 பவுண்டு. விசாரிச்சுட்டு ஏத்துக்கலாமேன்னு சொன்ன கம்பெனி டைரக்டர்கள் பேச்சு எடுபடல. 1785 பிப்ரவரி 28-ம் தேதி பர்க் மணிக்கணக்கில் பேசினது இதைப் பற்றித்தான். பென்ஃபீல்டின் பணத்தில் பார்லிமென்டுக்கு வந்தவர்களின் ஓட்டுக்காக அரசாங்கம் இதைச் செய்தது என்றார். அவர் தரப்பு ஓட்டெடுப்பில் தோற்றது.

நிஜமாகவே தவணை குறைந்தது ஒரு தடவை, 1792-ல். அப்போது நவாபுக்கு 75 வயசு. கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் போட்ட ஒப்பந்தப்படி படைச் செலவுக்கு வருஷம் 9 லட்சம் பகோடா, கடன் கொடுத்தவர்களுக்கு 6,21,105 பகோடா. கூட்டிப் பாருங்க, குறைந்தும் 15 லட்சத்துக்கு மேல. போர் வந்தால் சீமை முழுவதையும் கம்பெனியே எடுத்துக்கொள்ளலாம், தவணை தவறினால் குறிப்பிட்ட பகுதிகளை எடுத்துக்கொள்ளலாம் என்ற ஷரத்தும் அதிலேயே இருந்தது. பெரியவர் கையெழுத்துப் போட்டார். 1795 அக்டோபர் 13-ம் தேதி இறந்துபோனார். திருச்சி நத்தர்வலி தர்காவில் அவர் அடக்க இடம் இருக்கிறது.

மகன் உம்தத்-உல்-உமரா 1801 ஜூலையில் இறந்தார். திப்புவோடு ரகசியக் கடிதத் தொடர்பு இருந்தது என்று காரணம் சொல்லி, அந்த மாதக் கடைசியிலேயே கம்பெனி மொத்த சீமையையும் எடுத்துக்கொண்டது. நவாப் பட்டம் பேரனுக்கு, நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கோடு. தென்னாற்காடு ஜில்லா உருவாகி, கடலூர் மஞ்சக்குப்பம் கலெக்டரின் ஊரானது. விவசாயி வரி கட்டற ஆபீஸ்தான் மாறிச்சு.

கடன்? அது சாகல. 1805-ல் நவாப் கடன்களை ஆராய ஒரு கமிஷன் உட்கார்ந்தது. நவாப் குடும்பம் எங்களுக்குத் தரணும் என்று பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் கேட்ட மொத்தத் தொகை 3 கோடி பவுண்டுக்கு மேல். 25 வருஷம் ஒவ்வொரு பத்திரமாகப் பார்த்து, 1830 வாக்கில் வேலையை முடித்தார்கள். செல்லும் என்று அவர்கள் ஏற்றுக்கொண்டது சுமார் 27 லட்சம் பவுண்டு. பென்ஃபீல்டு அந்தக் கணக்கு முடிகிற வரை இல்லை. வியாபாரம் நொடித்து, 1810-ல் பாரிஸில் கையில் காசில்லாமல் செத்துப்போனார்.