மரை அறிந்த மாமேதை ஜி. டி. நாயுடு

சங்ககிரியில் லாரிப் பட்டறைகள், நாமக்கல்லில் கூண்டு கட்டும் கொட்டகைகள், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகள் என்றிருக்கும் நம் பகுதியில் ஸ்பேனர் பிடித்த கை இல்லாத தெரு அரிது. அக்கைகளுக்கெல்லாம் முன்னோடியாக ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், கோவை தந்த ஜி. டி. நாயுடு அவர்களைச் சொல்லலாம்.

1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள், சூலூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். பள்ளிப் படிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளோ மனத்தைப் பறித்துவிட்டது. மாடும் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி ஓடுவது எப்படி? அதை அறியும் வேட்கையில் கோவைக்குச் சென்று, உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்துக் காசு சேர்த்தார். ஏறத்தாழ மூன்றாண்டு உழைப்பில் சேர்ந்த முந்நூறு ரூபாயைக் கொடுத்து, அந்த ‘ரட்ஜ்’ வண்டியையே வாங்கினார்.

வாங்கியவர் ஊர் சுற்றியிருக்கலாம். அவரோ வண்டியைப் பகுதி பகுதியாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார்.

கழற்றுவது என்ன பெரிய காரியம் என்று நினைக்க வேண்டாம். அக்கால இங்கிலாந்து வண்டிகளின் திருகாணிகள் தனி இனம். ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர் 1841இல் வகுத்த மரை 55 பாகைக் கோணமுடையது. சைக்கிள் வகை மரையோ 60 பாகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். மாற்றி முடுக்கினால் மரை நாசமாகும். விட்வொர்த் ஸ்பேனரில் அரை அங்குலம் என்று பொறித்திருந்தால் அதன் வாய் அரை அங்குலம் என்று பொருளல்ல. போல்ட்டின் தடிமன்தான் அரை அங்குலம். பழைய புல்லட்டை மில்லிமீட்டர் ஸ்பேனரால் திருகி, நட்டின் மூலையை மழுக்கியவர்களுக்கு இது நன்றாகப் புரியும். சைக்கிளின் இடப்பக்க மிதிகட்டைபோல, எதிர்த்திசையில் சுழற்றினால் மட்டுமே கழலும் மரைகளும் உண்டு. கூட்டல் குறி போன்ற பள்ளமுடைய ஆணிகள் 1930களில்தான் மோட்டார் வண்டிகளில் ஏறின. நாயுடு கழற்றிய காலத்தில் ஒற்றைப் பள்ளமே வழக்கம்.

துருப்பிடித்து இறுகிய ஆணிக்குப் பலத்தைவிடப் பொறுமை தேவை. பள்ளத்திலுள்ள அழுக்கைச் சுரண்டிவிட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு விட வேண்டும். பள்ளத்தின் அகலம் முழுவதும் நிரம்பும் திருப்புளியை நேராக நிறுத்தி, அதன் தலையில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் துருவின் பிடி விடும். முதலில் இம்மியளவு முடுக்கி, அதன் பிறகு தளர்த்துவது பட்டறைக்காரர் கைப்பழக்கம். பள்ளமே தேய்ந்துபோனால் அரம்பத்தால் புதுப்பள்ளம் வெட்டலாம். அதுவும் முடியாதபோதுதான் துளையிட்டு எடுக்க வேண்டும். கழற்றியவற்றை இடம் மாறாமல் வரிசையாக வைப்பது இன்னொரு வேலை. இதைச் செய்யாதவர் பூட்டும்போது நான்கு ஆணி மிச்சம் வைத்துக்கொண்டு விழிப்பார்! (மரை கழன்றவன் என்று நாம் கேலி பேசுவதும் இந்தத் தொழிலிலிருந்து வந்த சொல்தானே?)

இத்தகைய வேலையையே கல்வியாகக் கொண்ட நாயுடு, 1920இல் ஒரே ஒரு பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அது யு.எம்.எஸ். என்னும் பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. மின்சவரக் கத்தி முதலிய அவருடைய படைப்புகளைத் தனிக்கட்டுரையாகவே எழுத வேண்டும்.

பட்டறையில் தாம் கற்றதை இளைஞர்களும் கற்க வேண்டுமென்று அவர் விரும்பினார். 1945இல் ஆர்தர் ஹோப் பெயரால் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி தோன்ற அவர் துணை நின்றார். அதுவே இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. கல்லூரி இடம் மாறிவிட்டது. ஆயினும் அவிநாசி சாலையில் ‘ஹோப் காலேஜ்’ என்று இன்றும் நடத்துநர் குரல் கொடுக்கிறார்.

1974 சனவரி 4ஆம் நாள் நாயுடு மறைந்தார். அவர் பெயர் தாங்கிய கார் அருங்காட்சியகம் 2015இல் கோவையில் திறக்கப்பட்டது. அங்கே பல நாட்டுப் பழங்கார்கள் பளபளப்பாக நிற்கின்றன.