அண்ணி வளர்த்த பிள்ளை

சீன நாடகங்களில் ஒரு பாத்திரம் மேடைக்கு வந்தால், பெயர் சொல்லாமலே சின்னப் பிள்ளைகள்கூட அடையாளம் கண்டுகொள்வார்கள். முகம் முழுக்கக் கரிக்கறுப்பு. நெற்றியில் வெள்ளையாக ஒரு பிறை நிலா. அவர்தான் நீதிபதி பாவ்.

இவர் கற்பனை மனிதர் அல்ல. முழுப்பெயர் பாவ் ஜெங். சோங் வம்ச அரசர்கள் சீனாவை ஆண்ட காலத்தில், 999-ஆம் ஆண்டில், ஹெஃபெய் என்ற ஊரில் பிறந்தார். ஆனால் மக்கள் அவரைப் பற்றிச் சொல்லும் கதைகள், உண்மை வரலாற்றைவிடப் பல மடங்கு அதிகம். முதலில் ஒரு கதையைக் கேளுங்கள்.

பாவ் பிறந்தபோது முகம் ஒரே கறுப்பாக இருந்ததாம். அதற்கு முன்பு அப்பா ஒரு கெட்ட கனவு வேறு கண்டிருந்தார். பிறந்தது பிள்ளை அல்ல, பூதம் என்று பயந்துபோனார். இரண்டாவது அண்ணன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் மலையில் போட்டுவிட்டான். அங்கே ஒரு புலியைப் பார்த்ததும் ஓட்டமாக ஓடி வந்துவிட்டான். பெரிய அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. தேடிப் போய்க் குழந்தையை எடுத்து வந்தார். பெரிய அண்ணிக்கு அப்போதுதான் ஓர் ஆண் குழந்தை பிறந்திருந்தது. அவர் தன் குழந்தையை வேறு ஒரு வீட்டில் பால் கொடுத்து வளர்க்கச் சொல்லிவிட்டு, பாவுக்குத் தானே பால் கொடுத்து வளர்த்தார். பாவுக்கு அண்ணிதான் அம்மா.

நாடகத்தில் இந்தக் கதை இன்னும் நீள்கிறது. அண்ணியின் மகன் வளர்ந்து அதிகாரி ஆகிறான். மக்களைக் கசக்கிப் பணம் பறிக்கிறான். வழக்கு சித்தப்பா பாவிடமே வருகிறது! தண்டனை மரணம்தான். பாவ் என்ன செய்வார்? அண்ணியின் ஒரே மகன் அவன். தீர்ப்பை அவர் மாற்றவில்லை. பிறகு அண்ணியின் முன்னால் மண்டியிட்டு, இனிமேல் நானே உங்கள் மகன், கடைசிவரை நானே காப்பாற்றுவேன் என்று கெஞ்சுகிறார். அந்த அண்ணியின் இடத்தில் நாம் இருந்தால் மன்னித்திருப்போமா? எனக்குப் பதில் தெரியவில்லை.

சரி, இனி உண்மைக்கு வருவோம். பாவ் ஜெங்கை யாரும் மலையில் போடவில்லை. பெற்றவர்களே அன்பாக வளர்த்தார்கள். 1027-இல் அரசாங்கத்தின் மிகப் பெரிய தேர்வில் வென்றார். உடனே வெளியூரில் பதவி கிடைத்தது. வயதான அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அவ்வளவு தூரம் வர விருப்பமில்லை. பாவ் ஜெங் பதவியை வேண்டாம் என்று விட்டுவிட்டு வீட்டிலேயே தங்கிவிட்டார். இருவரும் இறந்த பிறகும் துக்கம் காத்தார். மறுபடி அரசு வேலைக்கு வந்தபோது ஆண்டு 1037. கூட்டிக் கழித்துப் பாருங்கள், முழுசாகப் பத்து ஆண்டுகள்!

தியன்சாங் என்ற ஊரில் அதிகாரியாக இருந்தபோது ஒரு விவசாயி அழுதுகொண்டு வந்தார். யாரோ அவருடைய மாட்டின் நாக்கை அறுத்துவிட்டார்கள். வீட்டுக்குப் போய் மாட்டை வெட்டி இறைச்சியை விற்றுவிடும்படி பாவ் ஜெங் சொன்னார். அந்தக் காலத்தில் உழவு மாட்டை வெட்டுவது குற்றம். கொஞ்ச நேரத்தில் இன்னொருவன் வந்து, அந்த விவசாயி மாட்டை வெட்டிவிட்டான் என்று புகார் கொடுத்தான். நாக்கை அறுத்ததும் நீதானே என்று பாவ் ஜெங் கேட்டதும் அவன் வெலவெலத்துப்போய் ஒப்புக்கொண்டான். எப்படி மடக்கினார் பார்த்தீர்களா?

பிறகு துவான்ஜோவ் என்ற ஊருக்குப் போனார். அங்கே செய்யும் மைக்கல் மிகவும் பேர்பெற்றது. மையை உரைத்து எழுதுவதற்கான கல் அது. முன்பிருந்த அதிகாரிகள் அரசருக்கு அனுப்ப வேண்டியதைப் போலப் பல மடங்கு செய்ய வைத்து, பெரிய மனிதர்களுக்குப் பரிசாகக் கொடுத்துவந்தார்கள். பாவ் ஜெங் கணக்குக்கு மேல் ஒன்றுகூடச் செய்ய விடவில்லை. ஊரை விட்டுப் போகும்போது ஒரு கல்லைக்கூட எடுத்துப் போகவில்லை.

தலைநகர் கைஃபெங்கில் பதவி ஏற்றதும் அலுவலகத்தின் பெரிய கதவைத் திறந்துவிட்டார். நடுவில் எந்தக் குமாஸ்தாவும் இல்லாமல் மக்கள் நேராக அவரிடமே புகார் சொல்லலாம்!

அப்போது அரசராக இருந்தவர் ரென்சோங். இவரும் பெற்ற தாயிடம் வளராத பிள்ளைதான். லியூ என்ற அரசி, லீ என்ற பெண் பெற்ற குழந்தையான இவரைத் தன் மகனாகவே வளர்த்தார். லீ 1032-இல் இறந்தார். 1033-இல் லியூவும் இறந்த பிறகுதான் அரசருக்கு உண்மை தெரிந்தது. பெற்ற தாயைக் கொடுமைப்படுத்தியிருப்பார்களோ என்று சந்தேகம். பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். லீக்கு ஓர் அரசிக்கு உரிய உடை உடுத்தி மரியாதையாக அடக்கம் செய்திருந்தார்கள். அரசரின் கோபம் தணிந்தது. வளர்த்த தாயின் உறவினர்களை அவர் தண்டிக்கவில்லை.

மக்கள் இதையும் விடவில்லை. குழந்தையைத் திருடிவிட்டுக் காட்டுப்பூனையை வைத்தார்கள் என்றும், நீதிபதி பாவ்தான் கண்டுபிடித்துத் தாயையும் மகனையும் சேர்த்து வைத்தார் என்றும் கதை கட்டிவிட்டார்கள். 1033-இல் பாவ் ஜெங் அரசு வேலையிலேயே இல்லை என்பது நமக்குத் தெரியும்தானே!

ரென்சோங்குக்கு உயிரோடு மகன் இல்லை. சீக்கிரம் வாரிசை முடிவு செய்யுங்கள் என்று பாவ் ஜெங் துணிந்து சொன்னார். யாரை மனதில் வைத்துச் சொல்கிறாய் என்று அரசர் கேட்டார். நானே வயதானவன், எனக்கும் மகன் இல்லை, எனக்காக எதையும் கேட்கவில்லை என்று பதில் சொன்னார் பாவ் ஜெங். 1062-இல் அரசர் உறவுக்காரப் பிள்ளை ஒருவரை வாரிசாக்கினார்.

பாவ் ஜெங்குக்கு யீ என்று ஒரு மகன் இருந்தார். இளம் வயதிலேயே இறந்துவிட்டார். யீயின் மனைவி பெயர் சுய். மாமனாரும் மாமியாரும், இவள் சின்னப் பெண், மறுமணம் செய்துகொண்டு போய்விடுவாள் என்று நினைத்தார்கள். சுய் அழுதுகொண்டே மறுத்துவிட்டார். அவருடைய சின்ன மகனும் பிறகு இறந்துபோனான்.

பாவ் ஜெங்குக்கு இளைய மனைவி ஒருவர் இருந்தார். அவரைப் பிறந்த வீட்டுக்கே அனுப்பியிருந்தார்கள். அங்கே அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. சுய் யாருக்கும் தெரியாமல் அந்தத் தாய்க்கு உதவி செய்து, குழந்தையை நன்றாகப் பார்த்துக்கொள்ள வைத்தார். பிறகு அவனை வீட்டுக்கே அழைத்து வந்தார். யென் என்று பெயர் வைத்தார்கள். முறைப்படி அவன் சுய்யின் கொழுந்தன். பாவ் ஜெங் 1062-இல் இறந்தபோது அவன் சின்னப் பையன். சுய்யின் அம்மா வெகுதூரத்திலிருந்து வந்து மறுமணத்துக்குக் கூப்பிட்டும் அவர் இணங்கவில்லை. அண்ணியே யென்னை வளர்த்து ஆளாக்கினார்.

அண்ணி கதை எங்கிருந்து வந்திருக்கும் என்று இப்போது புரிகிறதா? மகனை வளர்த்த அண்ணியை மக்கள் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டார்கள் போலும்!

1973-இல் ஹெஃபெய்க்கு அருகில் பாவ் குடும்பத்தின் கல்லறைகளைத் தோண்டி எடுத்தார்கள். எழுத்துப் பொறித்த கற்கள் கிடைத்தன. பாவ் ஜெங்கின் கல்லோடு, சுய் யார் என்று சொல்லும் கல்லும் அங்கே இருந்தது.