படிக்க இயலாததை வரைந்தவர்

பத்தாம் ஆண்டு மலருக்குக் கவிஞர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தனர். எழுத அமர்ந்தபோது மனத்தில் வந்து நின்றவரோ ஓர் ஓவியர். ஒரு கவிதை வரிகூட அவர் எழுதியதாகத் தெரியவில்லை. ஆயினும் சொல்லோடு மல்லுக்கு நிற்கும் நம் வட்டத்தாருக்கு அவர் அந்நியர் ஆகமாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

பிரெடரிக் கேதர்வுட் 1799இல் இலண்டனில், ஹாக்ஸ்டன் பகுதியில் பிறந்தார். கட்டடக் கலை பயின்றார். இளமையிலேயே ஊர்சுற்றும் வேட்கை அவரைப் பற்றிக்கொண்டது. இத்தாலி, கிரேக்கம், எகிப்து என அலைந்து இடிபாடுகளை அளந்தார், வரைந்தார். 1833இல் எருசலேம் நகரின் பாறைக் குவிமாடத்துக்குள் எகிப்திய அதிகாரிபோல் உடையணிந்து நுழைந்து, அச்சத்துக்கு இடையே பல நாள் வரைந்தார். வெளியார் நுழைந்தால் உயிருக்கே உலை வைக்கக்கூடிய இடம் அது.

1836இல் இலண்டனில் ஜான் லாயிட் ஸ்டீபன்ஸ் என்னும் அமெரிக்கப் பயண எழுத்தாளரைச் சந்தித்தார். அந்த நட்பே இருவர் வாழ்வையும் திசைதிருப்பியது. நடு அமெரிக்கக் காடுகளில் புதையுண்ட நகரங்கள் உள்ளன என்ற செய்தியைத் தொடர்ந்து 1839 அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து இருவரும் கப்பலேறினர். ஹோண்டுராஸ் நாட்டுக் கோப்பானை அடைந்து, அந்த இடிபாடுகளை ஸ்டீபன்ஸ் ஐம்பது டாலருக்கு விலைக்கு வாங்கினார். இக்கதையைச் சொல்வோர் ஐம்பது டாலரையே வியந்து நின்றுவிடுகிறார்கள். நான் வியப்பது, அதன்பின் அந்தச் சேற்றில் நின்றவரை.

கோப்பானின் நெடுங்கல் சிற்பங்கள் முதலில் கேதர்வுட்டின் கைக்கு வசப்படவில்லை. மரங்கள் ஒளியை மறைத்தன. கொசுக்கடிக்குக் கையுறை அணிந்தபடியே பென்சில் பிடிக்க வேண்டியிருந்தது. காட்சியின் பிம்பத்தைத் தாளின்மேல் விழச்செய்யும் கேமரா லூசிடா என்ற பட்டகக் கருவி அவரிடம் இருந்தது. கருவியைக் குறைசொல்வதற்கில்லை, பழகிய கண்தான் தடையாயிற்று. கிரேக்கத் தூணும் எகிப்தியக் கோபுர வாயிலும் கண்டு தேர்ந்த கண்ணுக்கு, இறகும் பாம்பும் முகமும் எழுத்தும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிய இந்த வடிவங்கள் பிடிபடவில்லை. எங்கே உருவம் முடிகிறது, எங்கே அணி தொடங்குகிறது என்பதே புலப்படவில்லை. வரைந்ததைத் தள்ளிவிட்டு மீண்டும் வரைந்தார். தமக்குத் தெரிந்த வடிவங்களை அங்கே இட்டு நிரப்பியிருக்கலாம், தடுப்பார் யாருமில்லை. அவருக்குமுன் பலெங்கே சென்ற வால்டெக் என்ற ஓவியர் அவ்வாறே செய்தார். அவருடைய படங்களில் யானைத் தலைகள்கூட உண்டு! கேதர்வுட் அதற்கு இணங்கவில்லை. பொருள் விளங்காத எழுத்தையும் கோடு பிசகாமல் பெயர்த்தார்.

அதன் பயன் நூறாண்டு கழித்துத் தெரிந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மாயா எழுத்துகள் படிக்கப்பட்டபோது, அவர் வரைந்தவற்றுள் பலவற்றை அறிஞர்களால் வாசிக்க முடிந்தது. கோப்பானின் ஒரு பலிபீடத்தைச் சுற்றி அமர்ந்த பதினாறு உருவங்களை அவர் வரைந்திருந்தார். அவர்கள் அந்நகரை ஆண்ட பதினாறு மன்னர்கள் என்று இன்று அறிகிறோம். வரைந்தவருக்கு அவர்களில் ஒருவர் பெயரும் தெரியாது.

இவற்றைக் கட்டியவர் எகிப்தியரோ வேறு கடல் கடந்து வந்தவரோ என்று அந்நாளில் பலர் எழுதினர். அங்கு வாழ்ந்த பழங்குடிகளுக்கு இத்திறம் இருந்திருக்கும் என ஏற்க அவர்களுக்கு மனமில்லை. அம்மக்களின் முன்னோரே கட்டினர் என்று ஸ்டீபன்ஸ் 1841இல் வெளியான நூலில் வாதிட்டார். எகிப்தை நேரில் அளந்து வந்த கேதர்வுட்டும் அதே முடிவுக்கு வந்தார். அவருடைய படங்களே அந்த வாதத்தின் வலிமையான சான்றாயின.

1840இல் உஷ்மாலில் காய்ச்சலால் மயங்கி விழுந்தார். பயணம் பாதியில் முறிந்தது. மறு ஆண்டே திரும்பவும் யுகாத்தான் சென்றார். புதிதாக வந்திருந்த டாகெரோ ஒளிப்படக் கருவியும் உடன் சென்றது. அதன் படங்கள் நிறைவளிக்காததால் பென்சிலையே நம்பினார்.

1842 ஜூலையில் நியூயார்க்கில் அவர் நடத்திவந்த வட்டக் காட்சிக்கூடம் தீக்கிரையானது. சுவரளாவிய எருசலேம் ஓவியமும், மாயா நகரங்களிலிருந்து கொண்டுவந்த செதுக்கு மர உத்தரங்களும், ஓவியங்கள் பலவும் ஓர் இரவில் சாம்பலாயின. எஞ்சியவற்றிலிருந்து 1844இல் இருபத்தைந்து கல்லச்சு ஓவியங்களைத் தொகுத்து, முந்நூறு படிகளே கொண்ட நூலாக வெளியிட்டார். அவர் தம் பெயரில் விட்டுச்சென்ற பெருநூல் அது ஒன்றே. பின்னர் பிழைப்புக்காக பிரிட்டிஷ் கயானாவில் இரயில் பாதைப் பொறியாளரானார். பனாமாவிலும் கலிபோர்னியாவிலும் காலம் கழிந்தது. ஸ்டீபன்ஸ் 1852இல் காலமானார்.

1854 செப்டம்பர் 27 அன்று, நியூபவுண்ட்லாந்து அருகே மூடுபனியில் ‘ஆர்க்டிக்’ என்ற நீராவிக் கப்பல் வேறொரு கப்பலுடன் மோதி மூழ்கியது. பெண்களிலும் குழந்தைகளிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. மாண்ட முந்நூறுக்கு மேற்பட்டோரில் கேதர்வுட்டும் ஒருவர். செய்தித்தாள்களில் அவர் பெயர் காலந்தாழ்ந்தே இடம்பெற்றது.

அவர் முகத்தை உறுதியாகக் காட்டும் உருவப்படம் எதுவும் கிடைக்கவில்லை. துலூம் கோயிலைக் காட்டும் கல்லச்சு ஓவியத்தில், சுவரோரம் அளவுநாடா பிடித்து நிற்கும் சிறு உருவங்களில் ஒன்று அவராக இருக்கலாம் என்கின்றனர். கண், மூக்கு எதுவும் தெளிவாக இல்லை. பின்னால் கோயிலின் கல் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிகிறது.