நேதாஜியின் கடைசி விமானம்

நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் சரிதத்தை நம்மவர் பெரும்பாலும் கேட்டறிந்தே இருக்கின்றனர். கட்டாக் நகரில் 1897 ஜனவரி 23-ஆம் நாள் பிறந்ததும், ஐ.சி.எஸ். பரீட்சையில் தேறியும் 1921-இல் அவ்வுத்தியோகத்தைத் துறந்ததும், 1938, 1939 ஆகிய இரண்டாண்டுகளிலும் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றதும், 1941-இல் கல்கத்தா இல்லத்தினின்று மாறுவேடம் பூண்டு தப்பியதும் பாலரும் அறிந்த செய்திகள். ஆதலின் அவற்றை விரியாது, அவர்தம் இறுதி நாட்களையே ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

ஜெர்மனியினின்று நீர்மூழ்கிக் கப்பலிற் புறப்பட்ட போஸ், 1943 ஜூலையிற் சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றார். அப்படையிற் சேர்ந்த பொதுமக்களுட் பெரும்பாலார் மலேயாத் தோட்டங்களிற் பால்வெட்டிப் பிழைத்த தமிழரே. நம் தருமபுரி அந்நாளிற் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. கங்காணிகள் ஆள் திரட்டிச் சென்ற ஜில்லாக்களுள் அதுவும் ஒன்று. எனவே இச்சரிதம் நமக்கு அயலார் கதையன்று.

1945 ஆகஸ்டு 15-இல் ஜப்பான் பணிந்தது. ரஷ்யரிடம் உதவி நாடக் கருதிய போஸ், சிங்கப்பூரினின்று பாங்காக் வழியாக 17-ஆம் நாள் சைகோன் அடைந்தார். உடன் வந்தோர் அறுவர். ஆயின் ஜப்பானியர் தம் குண்டுவீச்சு விமானத்தில் இரண்டே இடந்தான் தர இயலும் என்றனர். ஹபீபுர் ரஹ்மான் ஒருவரையே போஸ் அழைத்துச் சென்றார். ராய்ட்டர் நிருபராயிருந்து அவர் மந்திரிசபையில் பிரசார மந்திரியான தமிழர் எஸ். ஏ. அய்யர் பின்தங்க நேர்ந்தது.

விமானமோ முன்னரே பாரமிகுந்திருந்தது. தூரான் என்னும் ஊரில் அன்றிரவு தங்கியபோது பளுவைக் குறைக்கச் சில யந்திரத் துப்பாக்கிகளைக் கழற்றியெடுத்தனர். மறுநாள், இன்று தாய்பே எனப்படும் தாய்ஹோகுவில் இறங்கி, எண்ணெய் நிரப்பிக்கொண்டு பிற்பகலில் மீண்டும் கிளம்பினர். ஆகாயப் பயணத்தில் தரையை விட்டெழும் கணம் அபாயம் மிக்கது. யந்திரங்கள் முழு வலியுடன் உழைத்தாக வேண்டும். பழுது நேரின் திரும்பவோ மெல்ல இறங்கவோ உயரமும் இராது. எழுந்த சிறு பொழுதில் பேரோசை கேட்டது. இடப்புறத்து யந்திரம் பெயர்ந்து வீழ, விமானம் ஓடுதளத்தை அடுத்து வீழ்ந்து தீப்பற்றியது.

பின்வாயிலைப் பெட்டிகள் அடைத்துக்கொண்டன. பெட்ரோலில் நனைந்த உடையோடு போஸ் நெருப்பினூடே முன்வாயில் வழியாக வெளிப்போந்தார். ரஹ்மான் எரியும் உடையைக் களைய முயன்று தம் கைகளையும் சுட்டுக்கொண்டார். அன்றிரவே ராணுவ வைத்தியசாலையிற் போஸின் உயிர் பிரிந்தது. வயது 48. உடன் பயணம் செய்த ஜப்பானியத் தளபதி ஷிதேயும் இவ்விபத்தில் மாண்டார்.

நேதாஜி உண்மையிலேயே இறந்தாரா என மாணாக்கர் ஆண்டுதோறும் நம்மை வினவாதிருப்பதில்லை. ஷாநவாஸ் குழு 1956-லும் கோஸ்லா கமிஷன் 1974-லும் இவ்விபத்தை ஒப்புக்கொண்டன. முகர்ஜி கமிஷன் 2005-இல் மறுத்தது. அம்மறுப்பை அரசாங்கம் 2006-இல் ஏற்கவில்லை. ரஹ்மானின் வாக்குமூலத்தையும் வைத்தியர்கள் சாட்சியத்தையும் தள்ளுதற்கு நாம் காரணம் காணோம். நம்ப மறுத்தோரையும் நாம் இகழோம். காவலையும் கடலையும் கடந்து வந்த ஒருவரை ஒரு யந்திரப் பழுது கொண்டுபோயிற்று என்பதை மனம் எளிதில் ஏற்பதன்று.

அஸ்தி டோக்கியோவுக்கு வந்தபோது அதனைப் பெற்றுக்கொண்டோருள், சைகோனில் இடமின்றி விடப்பட்ட அய்யரும் ஒருவர். 1945 செப்டம்பரில் அது ரென்கோஜி என்னும் பௌத்த ஆலயத்தில் வைக்கப்பெற்றது; இன்றும் அங்கேயே உளது.