காற்றாலையும் ஒரு கிராமத்து ஆசிரியரும்

ஆடி மாதத்தில் கொல்லிமலை ஏறியவர்கள் அதன் காற்றையும் மூடுபனியையும் அறிவார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றபின், பனி சூழ்ந்த ஒற்றையடிப் பாதையில் உச்சி எங்கே இருக்கிறது என்பது தெரியாது. ஓரடி எடுத்து வைத்து, பாதை ஏறினால் தொடர வேண்டும். இறங்கினால் திசை மாற்ற வேண்டும்.

சிறு காற்றாலைகளில் அதிகபட்ச மின்சாரம் பெறக் கையாளப்படும் உத்திகளுள் ஒன்றுக்கு மலையேற்றத் தேடல் என்றே பெயர். ஒவ்வொரு காற்று வேகத்துக்கும் இறக்கைகள் சுழல வேண்டிய உகந்த வேகம் ஒன்று உண்டு. அதை அறியக் காற்றுவேகமானியும் சுழல் அச்சில் உணரியும் பொருத்துவது வழக்கம். இவை செலவை உயர்த்துபவை. வெயிலிலும் மழையிலும் பழுதாகுபவை. இறக்கைகளுக்குப் பின்னால் அமரும் காற்றுவேகமானி அளப்பதோ ஏற்கெனவே கலைந்த காற்றை. இவை இல்லாமலேயே, மின்னியற்றியின் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் கொண்டு சுழற்சியைக் கணித்து, சுமையைச் சிறிது மாற்றி, மின்சாரம் கூடுகிறதா, குறைகிறதா என்று பார்த்து உச்சியை எட்டிவிடலாம்.

குறைந்த கருவிகளைக் கொண்டு காற்றை வசப்படுத்தும் இந்த எண்ணம், டென்மார்க் நாட்டின் போல் லா கூர் என்ற ஆசிரியரை நினைவூட்டுகிறது. 1846-இல் பிறந்த அவர் இயற்பியலும் வானிலையியலும் பயின்றவர். 1872-இல் தொடங்கப்பட்ட டென்மார்க் வானிலை ஆய்வு நிறுவனத்தின் துணைத் தலைவராகப் பணியாற்றினார். தந்தித் துறையில் கண்டுபிடிப்புகள் செய்து பெயர் பெற்றார். தலைநகரில் அவருக்கு வளமான எதிர்காலம் காத்திருந்தது. ஆனால், 1878-இல் அதைத் துறந்து, அஸ்கோவ் என்னும் சிற்றூரில் உழவர் வீட்டுப் பிள்ளைகள் பயின்ற மக்கள் உயர்நிலைப் பள்ளிக்கு ஆசிரியராகச் சென்றார்.

அன்று மின்சாரம் நகரங்களின் உடைமை. நிலக்கரியால் இயங்கிய மின் நிலையங்களின் ஒளி கிராமங்களை எட்டவில்லை. வெளிச்சமும் வேலையும் தேடி இளைஞர்கள் நகரம் நோக்கிச் செல்வதைத் தடுக்க, கிராமத்திலேயே கிடைக்கும் காற்றை மின்சாரமாக்க முனைந்தார் லா கூர். அரசின் நிதியுதவியுடன் 1891-இல் அஸ்கோவில் சோதனைக் காற்றாலையை நிறுவினார்.

மாவு அரைக்கும் கல் தடுமாறிச் சுழன்றாலும் பாதகமில்லை. மின்னியற்றிக்கு அது ஆகாது. வீசும் காற்றோ நிமிடத்துக்கு நிமிடம் மாறக்கூடியது. எனவே, கிராடோஸ்டாட் என்ற எளிய சீராக்கியை அவர் உருவாக்கினார். காற்றின் வேகத்தை அளக்காமலேயே, மின்னியற்றிக்குச் செல்லும் விசையை அது சீர்படுத்தியது. அவர் நாடியது சீரான மின்சாரம். இன்றைய பொறியாளர் நாடுவது அதிகபட்ச மின்சாரம். நோக்கம் வேறானாலும், இயந்திரமே தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் ஒன்றுதான்.

மின்சாரத்தைச் சேமிக்க நீரைப் பகுத்து ஹைட்ரஜன் தயாரித்து, அதைக் கொண்டு பள்ளியில் விளக்கேற்றினார். காற்றுச் சுரங்கம் அமைத்து, குறைந்த இறக்கைகளுடன் விரைந்து சுழலும் ஆலையே சிறந்தது எனக் கண்டறிந்தார். முடிவுகளை அனைவரும் அறிய நூலாக வெளியிட்டார். 1903-இல் காற்று மின்சாரச் சங்கம் உருவாகக் காரணமாக இருந்தார். கிராமத்து இளைஞர்களை மின் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார். 1908-இல் அவர் மறைந்தார். அவருடைய மாணவர் யோகான்னஸ் யூல் 1957-இல் கெட்சரில் நிறுவிய 200 கிலோவாட் காற்றாலை, பின்னாளைய மூன்று இறக்கைக் காற்றாலைகளுக்கு முன்மாதிரியானது.

அந்த மரபின் பயன் நம்மையும் எட்டியது. 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தொடங்கிய தமிழகத்தின் காற்றாலைப் பயணத்துக்கு, பின்னர் டென்மார்க்கின் உதவியும் கிடைத்தது. இன்று நமது காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. ஆனால், அவற்றில் பெரும்பாலானவை கணவாய்களை ஒட்டிய சமவெளிகளில் நிற்கும் பெரும் முதலீட்டின் இயந்திரங்கள்.

கொல்லிமலை போன்ற மலைச் சிற்றூர்களுக்கு ஏற்றது சிறு காற்றாலை. ஓர் உணரி பழுதாகும்போதெல்லாம் அடிவாரத்திலிருந்து பொறியாளர் எழுபது வளைவுகளையும் ஏறி வர வேண்டுமென்றால், அந்தக் காற்றாலை சில மாதங்களில் வெறும் கம்பமாகிவிடும். பழுதாகும் பாகம் குறைவதே அங்கே உண்மையான சிக்கனம். உணரியில்லாக் கட்டுப்பாடு குறித்து நம் பொறியியல் கல்லூரிகளில் ஆய்வுகள் நடைபெறுகின்றன. அவை ஆய்வேடுகளாக அலமாரியில் உறங்கக் கூடாது. மலைவாழ் இளைஞர்களின் கைகளுக்கு அந்தத் தொழில்நுட்பமும் பயிற்சியும் சேர வேண்டும். தலைநகரை விட்டுக் கிராமத்துக்குச் சென்ற ஆசிரியரின் வாழ்க்கை நமக்கு உணர்த்துவது இதுவே.

கட்டுரையாளர்: பேராசிரியர் (ஓய்வு).