ஹாம்லெட்டை அமலாதித்யன் ஆக்கிய வக்கீல்

போன செமஸ்டர் எங்க ஹாஸ்டல் ரூம்ல ஒரு பெரிய சண்டை. காரணம், ஸ்டார் வார்ஸ் ரோல்பிளேயிங் கேம். 1987-ல் வந்த முதல் பதிப்பு ஆறு முகப் பகடையில் ஓடும். 2000-ல் வேறொரு கம்பெனி லைசென்ஸ் வாங்கி அதையே இருபது முகப் பகடைக்கு மாத்துச்சு. நாங்க பழைய கதையை எண்ணுக்கு எண் புது விதிக்கு மாத்தினோம். முன்னாடி கலக்கிட்டு இருந்த பைலட் முதல் சண்டையிலயே செத்துட்டான். அவனை ஆடின நண்பன் பேசாம எழுந்து போயிட்டான்.

இதே வேலையை நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் அழகா பண்ணியிருக்கார்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அவர் பம்மல் சம்பந்த முதலியார்.

1873-ல் சென்னையில் பிறந்தவர். இங்கிலீஷ் படிப்பு, மாநிலக் கல்லூரி. சின்ன வயசில் தமிழ் நாடகம்னாலே அவருக்கு இளக்காரம். (நம்மள மாதிரிதான்!) 1891-ல் பல்லாரி கிருஷ்ணமாச்சார்லுவின் குழு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகம் போட்டது. படிச்சவங்க, வக்கீலுங்க, அவங்களே வேஷம் கட்டி ஆடினதைப் பார்த்ததும் அவர் மனசு மாறிடுச்சு. தமிழில் ஏன் முடியாதுன்னு அதே வருஷம் நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அப்போ வயசு 18.

நடிகர்னா கூத்தாடின்னு ஒதுக்கின காலம் அது. வக்கீலா இருந்துகிட்டே மேடை ஏறுவது சாதாரண விஷயம் இல்லைங்க. ராத்திரி முழுக்கப் பாட்டாவே ஓடின நாடகத்தைச் சில மணி நேரத்துக்குச் சுருக்கி, உரைநடை வசனத்துக்கு இடம் கொடுத்தார்.

அப்புறம் ஷேக்ஸ்பியர். ஹாம்லெட் அமலாதித்யன் ஆனான். மேக்பெத் மகபதி. வெனிஸ் நகர வணிகன் வாணிபுர வணிகன். பேரில் பழைய ஓசை ஒட்டிக்கிட்டு இருக்கு, ஆனா ஆள் நம்ம ஊர் ராஜகுமாரன். அவர் வார்த்தைக்கு வார்த்தை மாத்தலை. அந்தப் பாத்திரத்தோட வலி தமிழ் மேடையில் எந்த வழியா வெளிய வரும்னு பார்த்தார். அமலாதித்யனா தானே நடிச்சும் காட்டினார்.

பிறகு சென்னை ஸ்மால் காஸஸ் கோர்ட் ஜட்ஜ் ஆனார். 1928-ல் ஓய்வு பெற்றார். எழுதின நாடகங்கள் தொண்ணூறுக்குப் பக்கம். அவரோட 'மனோகரா'வும் வேற விதிக்கு மாறுச்சு. 1936-ல் சினிமா ஆனப்போ அவரே அதில் நடிச்சார். 1954-ல் கலைஞர் வசனத்தில் சிவாஜி நடிச்சார். சங்கிலியில் கட்டின மனோகரனைத்தான் இன்னைக்கும் நம்ம தாத்தா பாட்டிங்க சொல்லுவாங்க. 1959-ல் பத்ம பூஷண். 1964-ல் காலமானார்.

அவர் கதையைப் படிச்ச பிறகு எங்க தப்பு புரிஞ்சுது. நாங்க எண்களை மாத்தினோம், பைலட்டை மறந்துட்டோம். அவன் யாரு? துணிஞ்சு பறக்கிறவன். புது விதியில் அந்தத் துணிச்சலுக்கு எங்கே இடம் இருக்குன்னு முதல்ல தேடியிருக்கணும்.

நேத்து ராத்திரி அவனைத் திரும்ப எழுதினோம், இந்த முறை தமிழில். சனிக்கிழமை ஆட்டம். எழுந்து போன நண்பன் வர்றேன்னு சொல்லியிருக்கான்.