ஐந்து சென்ட் கடைக்காரர்



பரிசளிப்பு நாளும் அதுவுமாக, எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரின் கதையா என்று கேட்காதீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படித்துப் பாருங்கள்.

நாதன் ஹேண்ட்வெர்க்கர் 1892-ஆம் ஆண்டு, இன்று போலந்து நாட்டில் இருக்கும் ஓர் ஊரில், ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா செருப்புத் தைப்பவர். வீடு நிறையப் பிள்ளைகள். வயிறு நிறையத்தான் வழியில்லை. பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் நாதன் ரொட்டிக் கடை வேலைக்குப் போனார்.

1912-இல் கப்பலேறி அமெரிக்கா வந்தார். ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. நியூயார்க்கில் கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார். கோனி ஐலண்ட் கடற்கரையில் ஃபெல்ட்மன் என்ற பெரிய உணவகத்தில் ரொட்டி வெட்டினார். வெட்டிக்கொண்டே தொழிலையும் கற்றுக்கொண்டார்!

1916-இல், சேமித்த 300 டாலரைப் போட்டு, அதே கடற்கரையில் ஒரு சின்னக் கடை திறந்தார். ரொட்டிக்குள் சாசேஜ் வைத்த ஹாட் டாக், பெரிய கடையில் 10 சென்ட். நாதன் கடையில் 5 சென்ட்தான்!

கூட்டம் அலைமோதியிருக்கும் என்றுதானே நினைக்கிறீங்க? அதுதான் இல்லை. இவ்வளவு மலிவாக இருந்தால் இறைச்சி எப்படியிருக்குமோ என்று சனங்கள் தயங்கினார்கள். உடனே நாதன் வெள்ளை அங்கி போட்ட மருத்துவர்களைக் கடை முன்னால் நின்று சாப்பிட வைத்தாராம். அவர்கள் மருத்துவர்களே இல்லை, கூலிக்கு வந்த ஆட்கள் என்று சொல்பவர்களும் உண்டு. எப்படியோ, சனங்களின் பயம் தெளிந்தது.

1918-இல் ஐடா என்பவரை மணந்தார். அந்த அம்மையாரும் கடையில் சேர்ந்து உழைத்தார். 1920 வாக்கில் நகர ரயில் கடற்கரை வரை வந்தது. ரயிலுக்கு 5 சென்ட், பசியாற 5 சென்ட்! ஏழைத் தொழிலாளியும் பிள்ளைகளோடு வந்து கடல் பார்த்துவிட்டுப் போனான். ஒரு காலத்தில் நாதன் வேலை பார்த்த அந்தப் பெரிய உணவகம் 1954-இல் மூடப்பட்டது. சின்னக் கடையோ நிலைத்தது.

நாதன் 1974-இல் மறைந்தார். 2012-இல் வீசிய பெரும் புயலில் கடை வெள்ளத்தில் சேதமானது. மறு ஆண்டே மீண்டும் திறக்கப்பட்டது. இன்றும் அதே மூலையில்தான் இருக்கிறது.

மாணவர்களே, படிப்பு வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். அவருக்குக் கிடைக்காதது உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அவரிடம் இருந்த உழைப்பையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இன்று மேடையேறிப் பரிசு வாங்காதவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.